முந்நூற்றுப் பன்னிரண்டு ஓம் மொட்டை மாடி

"சரி, ஒரு பேச்சுக்கு வச்சுக்கோ. கரண்ட் தோல்ல ஓடல. வேற எங்கயோ ஓடுது. அப்பவும் மொட்டை மாடி வருமா?"

"வரும்."

"எப்படி?"

"எப்படின்னு இப்போ தெரியாது. வரும்னு நீ சொன்னா அதுக்கு ஒரு சமன்பாடு எழுதித் தரேன். வராதுன்னு சொன்னாலும் ஒண்ணு எழுதித் தரேன். உனக்கு எது வேணும்?"

"உண்மை வேணும்."

"அது எங்க மாடியில கிடைக்காது. கீழ போய்ப் பாரு."

சொல்லிவிட்டு அவன் மறுபடி கூரையைப் பார்க்க ஆரம்பித்தான். அந்தக் கட்டடத்தில் அவனுக்கு வானம் என்று பெயர். கோட்பாட்டுக்காரன். நாளின் பெரும்பகுதியை நாற்காலியில் மல்லாந்து, கூரையில் இருக்கும் ஈரக்கறையைப் பார்த்தபடியே கழிப்பான். அந்தக் கறையிலிருந்து இதுவரை மூன்று கட்டுரைகள் இறங்கியிருக்கின்றன. அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவள்தான் இப்போது எதிரில் நின்று, காலை எட்டரை மணிக்கே நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சின்னவள் என்று பெயர். ஏனென்றால் கீழ்த்தளத்தில் பெரியவள் என்று ஒருத்தி இருந்தாள்.

ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர் ஒரே ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தது தற்செயல் என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். யாரும் நம்பவில்லை. பெரியவள் கீழ்த்தளத்தில் உலைகளோடு இருந்தாள். அவள் படிகம் வளர்ப்பவள். சின்னவள் இரண்டாம் மாடியில் குளிர்விக்கும் எந்திரத்தோடு இருந்தாள். அவள் அந்தப் படிகத்தை அளப்பவள், அதை வைத்துத்தான் பட்டம் வாங்க வேண்டியவள். ஒருத்திக்கு எண்ணூற்றைம்பது பாகை வெப்பம், இன்னொருத்திக்குப் பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்றறுபது. நம் குடும்பத்துக்கு மிதமான சூடு ஒத்துக்கொள்ளாது என்று அவர்கள் அப்பா விருந்தாளிகளிடம் சொல்லுவார்.

அவர்கள் வளர்த்ததும் அளந்ததும் ஒரு கல். பிஸ்மத், டெல்லூரியம், செலினியம் மூன்றும் கூடிப் பிறந்த, கறுப்பும் வெள்ளியும் கலந்த பளபளப்பான கல். புத்தகம் மாதிரி ஏடு ஏடாக உரியும். அதன் சுபாவம்தான் விசித்திரம். உள்ளே மின்சாரத்துக்கு வழி கிடையாது. தோல்மேல் மட்டும் ஓடும். தோலை உரித்துவிட்டால் அடுத்த ஏடு தோலாகிவிடும், அதில் ஓடும். இரண்டாக உடைத்தால் உடைந்த முகத்திலும் ஓடும். சில வீடுகளில் உள்ளே யாரும் யாரோடும் பேசமாட்டார்கள், ஆனால் வெளிச்சுவரைச் சுற்றி அந்த வீட்டு விஷயம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் இல்லையா, அப்படிப்பட்ட கல். "வெட்கங்கெட்டது" என்பாள் பெரியவள். "எத்தனை தரம் உரிச்சாலும் மினுக்கிக்கிட்டு நிக்கும்."

இந்த நல்ல குணம் கல்லுக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு வழி உண்டு. குளிரக் குளிர அளக்க வேண்டும். உள்புறம் அடைபட அடைபட மின்தடை படியேறும். தோலில் ஓடுகிற கல் என்றால் ஓர் உயரத்தில் அந்த ஏற்றம் நின்று, அதற்குமேல் எவ்வளவு குளிர வைத்தாலும் கோடு மட்டமாகப் போகும். உலகம் அதற்கு என்னென்னவோ பெயர் வைத்திருந்தது. இந்த ஆய்வகத்தில் மொட்டை மாடி. மாடி வந்தால் தோல் இருக்கிறது. படியேற்றமே இல்லாமல் கோடு கீழே சரிந்தால் கல்லுக்குள்ளேயே மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். அதற்குப் பாதாளம் என்று பெயர்.

பெரியவளின் முதல் பதினொரு உலைகளும் பாதாளம். குற்றவாளி செலினியம். சூடு பட்டதும் அது வீடு தங்காது, கல்லுக்குள் காலி இடம் விட்டு ஓடிப்போய்விடும். அந்தக் காலி இடங்கள் வழியாக மின்சாரம் உள்ளே புகுந்து குடித்தனம் நடத்தும். டெல்லூரியம் அதைவிட மோசம், அது ஓடுவதில்லை, ஒட்டிக்கொள்ளும். ஒரு சிட்டிகை உடம்புக்குள் போனால் மாதக்கணக்கில் மூச்சில் பூண்டு நாற்றம் அடிக்கும். ஐந்தாம் உலையின்போது பெரியவளின் கணவர் தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார். எட்டாம் உலையின்போது கூடத்துக்கு ஒரு கட்டிலே வாங்கிப் போட்டுவிட்டார். பன்னிரண்டாம் உலையில், பத்து நாள் அங்குலம் அங்குலமாகச் சூட்டை இறக்கி, கலவையை அடைத்து வைத்திருந்த குவார்ட்ஸ் குழாயை உடைத்தபோது, உள்ளிருந்து கட்டைவிரல் நீளத்தில் ஒரு கல் வந்தது. பெரியவள் அதைப் பிளேடால் இரண்டாகப் பிளந்தாள். ஒரு பாதி சின்னவளுக்கு. மறுபாதி உள்ளே இருப்பது தெரிகிற ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில், மூடிமேல் 'தொட்டால் கையை முறிப்பேன்' என்று எழுதி வைக்கப்பட்டது.

சின்னவளின் பாதியில் மொட்டை மாடி வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஓம். எண் குறையக் குறையக் குளிர் கூடுகிற கெல்வின் கணக்கில் எழுபதில் ஏற்றம் நின்று, அங்கிருந்து கடைசிவரை ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி கோடு.

அதன்பிறகு அந்த ஆய்வகத்தில் ஒரே கொண்டாட்டம்தான். ஆய்வகத்தின் தலைவருக்குச் சங்கு என்று பெயர். நல்லது எது நடந்தாலும் கட்டடம் முழுவதற்கும் ஊதிவிடுவார். நான்காம் உலையில் ஒரு கம்பி கழன்றிருந்ததையே கண்டுபிடிப்பென்று ஊதியவர். இந்த மாடிக்கு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊதினார். கட்டுரை எழுதி அனுப்பியாயிற்று. தோலை உறுதிசெய்ய வேண்டிய காந்தம் பழுதாகிக் கிடந்ததால் வேறு சோதனை எதுவும் செய்ய முடியவில்லை என்று ஓரத்தில் ஒரு வரி போட்டாயிற்று. கட்டுரையை மதிப்பிட்ட முகம் தெரியாத ஆசாமி ஒருவர் பதில் அனுப்பியிருந்தார். எல்லாம் நன்று, கல்லில் கம்பி ஒட்டிய இணைப்புகளின் புகைப்படம் ஒன்று இருந்தால் இன்னும் நன்று.

"ஒரு போட்டோதானேம்மா," என்றார் சங்கு. "அழகா எடுத்து அனுப்பிடுங்க."

அழகாக எடுக்கத்தான் சின்னவள் இன்று காலை எட்டு மணிக்குக் கல்லை நுண்நோக்கியின் கீழே வைத்தாள். மேலிருந்து பார்க்கையில், கம்பிகளை ஒட்டப் பூசியிருந்த நான்கு வெள்ளிக் கோடுகளும் வரிசையில் நிற்கும் நல்ல பிள்ளைகள் மாதிரி இருந்தன. வெளிக்கோடுகள் இரண்டும் மின்சாரத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்க. உள்கோடுகள் இரண்டும் அளக்க. வெளிச்சத்தில் கண் கூசியதால் கல்லைக் கொஞ்சம் சாய்த்தாள். பக்கவாட்டு முகம் தெரிந்தது. அதில் முதல் கோட்டிலிருந்து நான்காம் கோடுவரை, நத்தை ஊர்ந்த தடம் மாதிரி, சாம்பல் நிறத்தில் மெல்லிய ஒரு கோடு காய்ந்திருந்தது.

வெள்ளி. கல்லின் தோல் அல்ல, அவள் பூசிய பசை.

அந்த ஆய்வகத்தில் வெள்ளிப் பசையைப் பூச ஒரு வழக்கம் இருந்தது. கடையில் விற்கிற எந்தத் தூரிகையும் அவ்வளவு மெல்லிய கோடு போடாது. அதனால் ஒரு தீக்குச்சியின் நுனியில் ஒரே ஒரு தலைமுடியை ஒட்டி அதனால் பூசுவார்கள். சின்னவளின் முடி சுருட்டை. பசையில் தோய்த்ததும் அது தன் இஷ்டத்துக்குத் திரும்பும். பெரியவளின் முடி கம்பி மாதிரி நேரானது. அதனால் ஒவ்வொரு கல்லுக்கும் சின்னவள் கீழ்த்தளம் போய் அக்காவின் தலையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வருவாள். பன்னிரண்டாம் கல்லுக்கும் அப்படித்தான் பிடுங்கினாள். பசைதான் பழசு. புட்டியில் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. புதுப் புட்டி வாங்க மூன்று கையெழுத்து வேண்டும். அவள் கைப்பையில் நகப்பூச்சு அழிக்கும் திரவம் இருந்தது. நாலு சொட்டு விட்டாள். பசை நீர்மோராகிவிட்டது. நீர்மோர் எங்கே போகும், பள்ளத்துக்குப் போகும்.

இதுதான் வானத்திடம் அவள் பேச்சுக்கு வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயம். பேச்சுக்கு வைத்தது போதாமல் முழுதும் சொன்னாள். உள்புறம் அடைபட்டதும் மின்சாரம் தோலைத் தேடவில்லை, பக்கத்தில் போட்டிருந்த வெள்ளி ஒற்றையடிப் பாதையில் நடந்திருக்கிறது. வெள்ளிக்கு என்ன குளிர், என்ன சூடு, மட்டமாகத்தான் போகும். மாடி கட்டியது கல் இல்லை, நகப்பூச்சு அழிப்பான்.

வானம் முதல்முறையாகக் கூரையிலிருந்து கண்ணை இறக்கினான். "நாளைக்குத்தானே உங்க அக்காவுக்கு இன்டர்வியூ?"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு."

பெரியவளின் அடையாள அட்டையில் ஒன்பது வருஷமாக 'தற்காலிகம்' என்று அச்சாகியிருந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சொல்லைப் புதுப்பித்துக் கொடுப்பார்கள். இப்போது நிரந்தரமாக ஒரு பதவி வந்திருக்கிறது, ஒன்றே ஒன்று; இல்லையென்றால் இந்த மாதத்தோடு புதுப்பிப்பதும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து பேர் குழு. அவர்கள் முன்னால் காட்ட அவளிடம் இருந்தது ஒரு கோடும் ஒரு கல்லும்.

"அப்போ நாளைக்கு மதியம் சொல்லு," என்றான் வானம். "உண்மை ஒரு நாள் லேட்டா வந்தா ஒண்ணும் கெட்டுடாது. இத்தனை நாள் அது எங்க போயிருந்துச்சு?"

"அக்கா பொய்யைக் காட்டி வேலை வாங்கினதா ஆகிடும்."

"அவங்களுக்குத் தெரியாதே. தெரியாம சொன்னா பொய் இல்ல, பிழை. பிழைக்கு எங்க ஊர்ல பிழைதிருத்தம்னு ஒண்ணு உண்டு."

"எனக்குத் தெரியுமே."

"அதுதான் உன்கிட்ட இருக்கிற குறை. போட்டோ எடுக்கும்போது கல்லை ஏன் சாய்க்கிற?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனையை இவ்வளவு இதமாகச் சொல்ல அவனால்தான் முடியும். சின்னவளுக்கு அது பிடிக்கவும் செய்தது, அதனால்தான் அங்கே நிற்கப் பயந்து கிளம்பிவிட்டாள். அவளுக்கு வேறொரு யோசனை இருந்தது. அந்தத் தடத்தைத் துடைத்துவிட்டு இன்றைக்கே மறுபடி அளந்துவிட்டால் என்ன? நிஜமான மாடி எங்கேயாவது இருந்தால், அக்காவிடம் ஒரு கையால் கெட்ட செய்தியும் மறுகையால் நல்ல செய்தியும் கொடுக்கலாம். வெறுங்கையோடு கெட்ட செய்தி கொண்டுபோகிற துணிச்சல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. ஒருமுறை அக்காவின் கைக்கடிகாரத்தை உடைத்தபோதுகூட, அதை ஒட்டிவிட்டுத்தான் சொன்னாள். ஒட்டியதில் முள் ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடி நுனியில் துளித்துளியாகத் திரவம் தொட்டு, தடத்தைக் கரைத்தெடுத்தாள். அதற்கே ஒரு மணி நேரம். பிறகு கல்லைக் குளிர்விக்கும் எந்திரத்துக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி, பத்து மணிக்கு ஓடவிட்டாள். அந்த எந்திரம் ஓடும்போது 'இஸ்... க்... இஸ்... க்' என்று இழுக்கும். அதற்கு ஆஸ்துமா என்று பெயர். ஆஸ்துமா மூன்று மணி நேரம் இழுத்தால்தான் அடிமட்டக் குளிர் வரும். திரையில் புள்ளி புள்ளியாக மின்தடை ஏறியது. அறைச் சூட்டில் ஒரு ஓம்கூட இல்லை. நூற்றைம்பது கெல்வினில் இருபது.

பதினொன்றரை மணிக்குச் சங்கு வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"போட்டோ ஆச்சாம்மா?"

"வெளிச்சம் சரியில்ல சார்."

"சாயங்காலம் எடுங்க. இதைப் பாருங்க முதல்ல." பெட்டிக்குள் ஆறு பீங்கான் கோப்பைகள். ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு அச்சாகியிருந்தது: படியேறி, கைப்பிடிக்குப் பக்கத்தில் வந்து, மொட்டை மாடியாகக் கோப்பையைச் சுற்றி ஓடியது. கீழே தங்க எழுத்தில் 312. "நாளைக்குக் குழுவுல அஞ்சு பேருக்கும் இதுலதான் காபி. ஆறாவது உங்க அக்காவுக்கு, இப்பவே குடுத்துடப் போறேன். எப்படி இருக்கு?"

"அழியாம இருக்குமா சார்?"

"சுட்டு எடுத்தது. பாத்திரம் தேய்க்கிற நார் போட்டுத் தேய்ச்சாலும் போகாது." பெருமையோடு ஒரு கோப்பையை நகத்தால் சுரண்டிக் காட்டினார். போகவில்லை. பிறகு திரையைப் பார்த்தார். "என்ன ஓடுது?"

"சும்மா, சரிபார்க்கிறேன்."

"பாருங்க, பாருங்க. நல்ல மாட்டுக்கு இன்னொரு சூடு போட்டாலும் நல்ல மாடுதான்," என்று இல்லாத ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டுப் போனார்.

எண்பது கெல்வினில் மின்தடை முந்நூற்றுப் பன்னிரண்டைத் தொட்டது. நிற்காமல் தாண்டியது. சின்னவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு வீட்டில் மாடி என்று நினைத்துப் படுக்கை விரித்து மூன்று வாரம் தூங்கிய பிறகு, அது பாதிப் படிக்கட்டு என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அறுபதில் அறுநூறு. ஐம்பதில் ஆயிரம். படி ஏறிக்கொண்டே போனால் இது வெறும் கல். எங்கேயாவது நின்றால் கல்லுக்குத் தோல் உண்டு, அதுவும் பழைய மாடியைவிடப் பல மடங்கு உயரத்தில். அப்படியென்றால் உள்புறம் அத்தனை சுத்தமாக அடைபட்டிருக்கிறது என்று பொருள், அக்கா வளர்த்தது அவளே நினைத்ததைவிட நல்ல கல் என்று பொருள்.

நாற்பதில் ஆயிரத்து நானூற்று அறுபது. முப்பத்தெட்டில் ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறு. முப்பத்தாறில் ஆயிரத்து ஐந்நூற்று ஐந்து.

வளைகிறது. நாற்காலியிலிருந்து அவள் எழுந்துவிட்டாள்.

முப்பத்துநான்கில் திரை எழுபது லட்சம் என்றது. அடுத்த புள்ளியில் மைனஸ் இருபதாயிரம். அதற்கடுத்த புள்ளியில் ஒன்றுமே சொல்லவில்லை.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று ஆயிரம் பேர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள். தாழிக்குள் இருந்துகொண்டு அதைப் பார்த்தவர்கள் குறைவு. சூடேற்றித் திறக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளே கல்லின் மேல் ஏடு, நான்கு கம்பிகளையும் பிடித்துக்கொண்டு, புத்தக அட்டை மாதிரி எழுந்து நின்றது. காலையில் துடைத்தபோது திரவம் ஏடுகளுக்கு நடுவில் புகுந்திருக்க வேண்டும். குளிரில் அது கல்லை உரித்துவிட்டது. அவள் சாமணத்தால் மெல்லத் தொட்டாள். மீதியும் செதில் செதிலாகக் கொட்டியது.

"மூணு புள்ளி இருக்கு," என்று வானத்திடம் காட்டினாள். "வளையுது பாரு."

வானம் பார்த்தான். கூரையைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். "கம்பி கழண்டுக்கப் போற நேரத்துலயும் இப்படித்தான் வளையும்."

"தெரியும்."

"நாம எழுதும்போது வாக்கியக் கடைசியில மூணு புள்ளி வச்சா என்ன அர்த்தம்? சொல்ல வந்ததை இன்னும் சொல்லலைன்னு அர்த்தம்."

"இன்னொரு பாதி இருக்கு."

"உங்க அக்காகிட்ட."

"ம்."

அவன் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தான். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தான். புத்தம் புதிய வெள்ளிப் பசை, முத்திரைகூட உடையவில்லை. "பக்கத்து லேப்ல மேஜை மேல இருந்துச்சு. பேச்சுக்கு வச்சுக்கோ, அவங்களே குடுத்தாங்கன்னு." கோட்பாட்டுக்காரன் ஒருவன் பரிசோதனைக்காகத் திருடியது அந்தக் கட்டடத்தின் வரலாற்றிலேயே அன்றுதான் முதல் தடவை.

நாலு மணிக்குப் பெரியவள் முதல் தளத்து வகுப்பறையில் இருந்தாள். நாற்பது காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் புதினா மிட்டாய். ஆறு வாரமாக இரட்டைக் கையுறை, இரட்டை முகமூடி போட்டு டெல்லூரியத்தை அண்டவிடாமல் வைத்திருந்தாள், நாளைக்கு ஐந்து பேரும் முகத்தைத் திருப்பக் கூடாது என்பதற்காக. மேஜைமேல் ஆறாவது கோப்பை. திரையில் கோடு.

"வந்தியா, உட்காரு. நீதான் குழு. மூஞ்சியைக் கொஞ்சம் புளிப்பா வச்சுக்கோ. ஆ, இப்படியேதான், சரியா இருக்கு."

சின்னவள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பெரியவள் சொல்லிக்கொண்டு போனாள். பதினொரு தோல்விகளையும் ஒளிக்காமல் சொன்னாள், செலினியம் ஓடிப்போவதைச் சொன்ன இடத்தில் ஒரு நகைச்சுவை வைத்திருந்தாள். சிவப்பு வெளிச்சப் புள்ளி கோட்டின் மேல் படியேறி, மாடிக்கு வந்து நின்றது.

"இந்த இடத்துல அஞ்சு நொடி பேசமாட்டேன். அவங்க பார்க்கட்டும். ஒன்பது வருஷத்துல நான் கட்டின ஒரே வீடு. மாடியையாவது நல்லாப் பார்க்கட்டும்." ஐந்து எண்ணினாள். "அவ்வளவுதான். கேள்வி ஏதாவது?"

"ஒண்ணு இருக்கு," என்றாள் சின்னவள். "இணைப்புகளோட போட்டோ இருக்கா?"

"நல்ல கேள்வி. அளந்தது என் தங்கச்சி. அவ கை சுத்தம். அடுத்தது?"

"அக்கா."

"குழு என்னை அக்கான்னு கூப்பிடாது."

"அக்கா, பக்கத்துல வழிஞ்சிருக்கு. பசை. முதல் கோட்டுல இருந்து நாலாவது வரைக்கும். நான்தான் தண்ணியாக்கிட்டேன்."

சிவப்புப் புள்ளி மாடியில் நின்றது. பிறகு திரையை விட்டு இறங்கி, சுவரில் போய், அணைந்தது.

"எப்போ தெரியும் உனக்கு?"

"காலையில எட்டு மணிக்கு."

"இப்போ மணி நாலு."

"துடைச்சேன். திரும்பக் குளிர வச்சேன்."

"வச்சு?"

"உரிஞ்சு போச்சு. முழுசா. இப்போ மிச்சம் இருக்கிறது வெறும் தூள்தான்."

பெரியவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் திட்டினால் தேவலை என்று சின்னவள் நினைத்தாள். திட்டுவதற்கு அவளுக்கு நல்ல சொற்கள் தெரியும், உலையோடு தனியாக இருப்பவர்களுக்கு அந்தப் பயிற்சி நிறைய. ஆனால் பெரியவள் வாயிலிருந்த மிட்டாயைக் கடக்கென்று கடித்தாள், அவ்வளவுதான்.

"என் முடியாலதானே பூசின?"

"ஆமா."

"மூணு வாரம் முன்னாடி புடுங்கினியே, அந்த நரைச்சதா?"

"அதேதான். நரைச்சதுதான் நல்லா விறைப்பா இருந்துச்சு."

"என் முடியை வச்சே எனக்குச் சுருக்குக் கயிறு திரிச்சிருக்க." கோப்பையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கட்டை விரலால் அந்தக் கோட்டைத் தேய்த்தாள். "இது போகாதாமே. அவர் சொன்னார்."

"அக்கா, துடைச்சப்புறம் முந்நூத்திப் பன்னண்டுல நிக்கல. தாண்டிப் போச்சு. ஆயிரத்து ஐந்நூறு வரைக்கும் போச்சு. அங்க வளைஞ்சுது. மூணு புள்ளி. எனக்கு மூணு புள்ளி கிடைச்சுது."

பெரியவள் நிமிர்ந்தாள். எண் என்று ஒன்று காதில் விழுந்தால் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கோபம் முழுசாக வராது. "எத்தனை கெல்வின்ல?"

"முப்பத்தாறு."

"வளைஞ்சுதா, இல்ல நீ வளைச்சியா?"

"தெரியல. நிஜமாவே தெரியல. கம்பி கழண்டுக்கப் போறதாவும் இருக்கலாம்."

பெரியவள் சட்டைப் பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திறக்கவில்லை. மூடிமேல் அவள் கையெழுத்து. உள்ளே கல் சன்னலைப் பிரதிபலித்தது. சன்னலில் இருந்த மரக்கிளைகூடத் தெரிந்தது.

"இதை நாளைக்கு அஞ்சு பேரும் கையில வாங்கிப் பார்ப்பாங்க," என்றாள். "இதுல மூஞ்சி தெரியும். கிராஃப் புரியாதவனுக்கும் இது புரியும். நீ இதுல நாலு கோடு போட்டு, கம்பி ஒட்டி, ஆஸ்துமாவுக்குள்ள வச்சா, ஒண்ணு இது பிழைக்கும், இல்ல அதே மாதிரி உரியும். பிழைச்சாலும் மாடி இருந்தாத்தான். இல்லைன்னா என்ன கையில வச்சுக்கிட்டு நாளைக்கு உள்ள போறது? இந்தக் கோப்பையையா?"

"தெரியும்."

"நீ சொல்லாம இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நாளைக்குப் பதினொரு மணிக்கு நான் உள்ள இருந்து வெளிய வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்."

"வானமும் அதைத்தான் சொன்னான்."

"அவனுக்கு மூளை இருக்கு."

"உன் மாடி அஞ்சு மடங்கு உயரத்துல இருக்கலாம், அக்கா. நான் போட்ட சாரத்துல நின்னுக்கிட்டு அதுதான் மாடின்னு நாளைக்கு நீ காட்டப் போற. அதை எப்படி நான் பார்த்துக்கிட்டு இருக்க?"

பெரியவள் டப்பாவின் மூடியை விரலால் இந்தப் பக்கம் திருகினாள், பிறகு அந்தப் பக்கம் திருகினாள். நாற்பது காலி நாற்காலிகளும் குழு மாதிரியே புளித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தன. திரையில் கோடு இன்னும் எரிந்துகொண்டிருந்தது, படியேறி, மட்டமாகி, ஓரம்வரை.

சின்னவள் எழுந்து வந்து அக்காவுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து வானம் கொடுத்த புட்டியையும் ஒரு புதுத் தீக்குச்சியையும் எடுத்துத் தரையில் வைத்தாள்.

"புதுப் பசை. ஒரு சொட்டுக்கூட எதுவும் கலக்கமாட்டேன். நாலரைக்கு உள்ள வச்சா ஏழரைக்குத் தெரிஞ்சிடும். நீ பக்கத்துலயே உட்காந்து பாரு. பூசும்போது என் கையைப் பிடிச்சுக்கோ வேணும்னா." கையை நீட்டினாள். "அந்தப் பாதியைக் குடு, அக்கா. அப்படியே ஒரு முடியும்."